ஒன்றுகூட அழுத்தாவிட்டால்

1986இல், மராத்தி ஊரான கிர்க்கியில் வளர்ந்த தமிழ்ப் பெண் பிலிஸ், பக்கத்திலிருந்த சிஞ்ச்வட்டில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சி எஞ்சினியராகச் சேர்ந்தாள். மற்றப் பெண்களெல்லாம் ஆபீஸில் இருந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் அவள் ஒருத்திதான்.

தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஒன்றுக்கு அப்போது ஒரு சின்ன கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதும் வேலையை மேனேஜர் சேஷு அவளிடம் கொடுத்தார். காலேஜில் கொஞ்சம் படித்ததைத் தவிர அவளுக்கு அதில் பழக்கம் இல்லை.

பிரஸ்ஸின் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். ‘இடதும் வலதும் அழுத்தியிருந்தால் இறங்கு’ என்று எழுதினாள். இரண்டு கைகளும் பட்டன்களில் இருக்கும்போது விரல் எப்படி நசுங்கும்?

பிரஸ்ஸை ஓட்டும் ஆரோக்கியமணி, அவளைப் போலவே கிர்க்கித் தமிழர், ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டை எடுத்து வந்து இடது பட்டனை அழுத்தி இறுக்கிக் கட்டினார். பிறகு வலது பட்டனை மட்டும் தட்டத் தட்ட பிரஸ் இறங்கிக்கொண்டே இருந்தது.

“டார்கெட் முடிக்கணும்ல பாப்பா. ஒரு கையில தகடு, ஒரு கையில பட்டன். எல்லாரும் இப்படித்தான் ஓட்டுவாங்க.” சுண்டுவிரல் இல்லாத இடது கையைக் காட்டினார். “நானும் இப்படித்தான் ஓட்டினேன்.”

பிலிஸ் அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றாள்.

ஒவ்வொரு தடவையும் கைகளை எடுத்த பிறகுதான் பிரஸ் மறுபடி இறங்க வேண்டும் என்று முடிவு செய்தாள். பழைய நிபந்தனையையே அடைப்புக்குறிக்குள் போட்டு, முன்னால் ‘நாட்’, அதாவது ‘இல்லை’ என்று சேர்த்து, அப்படியானால் அடுத்த இறக்கத்துக்குத் தயாராகு என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை சேஷுவும் தொழிலாளிகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஆரோக்கியமணி டியூபைக் கட்டி வலது பட்டனைத் தட்டினார். பிரஸ் இறங்கியது. மறுபடி தட்டினார். மறுபடியும் இறங்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“திங்கக்கிழமை வரைக்கும் பாரும்மா,” என்றார் சேஷு. “முடியலேன்னா பழைய சுவிட்சையே மாட்டிடலாம்.”

சாயங்காலம் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிரஸ் என்ன செய்திருக்கும் என்று தாளில் படிப்படியாக எழுதிப் பார்த்தாள். இடது கட்டியிருக்கிறது, அதனால் ஒன்று. வலதிலிருந்து கையை எடுத்தாகிவிட்டது, அதனால் சைபர். இரண்டும் சேர்ந்து அழுத்தியிருக்கின்றனவா? இல்லை. ‘இல்லை’ என்றால் தயாராகு என்றுதான் அவளே எழுதியிருந்தாள். பிரஸ் சொன்னபடி கேட்டிருக்கிறது.

அவள் கேட்க நினைத்தது வேறு. இரண்டும் சேர்ந்து இல்லை என்பது போதாது. இரண்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ‘நாட் இடது ஆண்ட் நாட் வலது’, இடதும் இல்லை, வலதும் இல்லை என்று எழுதினாள். ரயிலில் இருப்பதை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

“காய் ஜாலா?” என்ன ஆச்சு என்று எதிரே இருந்த மராத்திப் பெண் கேட்டாள்.

“ஜமலா,” சரியா வந்துடுச்சு என்று அவள் மொழியிலேயே சொன்னாள் பிலிஸ்.

திங்கட்கிழமை ஆரோக்கியமணி டியூபைக் கட்டி வலது பட்டனைத் தட்டினார். ஒரு தடவை இறங்கி ஏறிய பிரஸ், மறுபடி தட்டியபோது அசையவில்லை. வலதில் கட்டி இடதைத் தட்டினார். அப்போதும் ஒரு தடவைக்கு மேல் அசையவில்லை. ஒர்க்‌ஷாப்பிலேயே வேகமாகக் கை ஓடும் ஆளான காசிம் அவரை விலக்கிவிட்டு வந்தார். கட்டினார், அவிழ்த்தார், பட்டனில் மரக்கட்டையைச் செருகிப் பார்த்தார். கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “யே நஹி மானேகா,” இது மசியாது என்று இந்தியில் சொன்னார்.

பிலிஸ் முன்னால் வந்து கட்டையை உருவினாள். இரண்டு உள்ளங்கைகளையும் பட்டன்களில் வைத்து அழுத்தினாள். தரை அதிர பிரஸ் இறங்கி ஏறியது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. காசிம்தான் முதலில் கை தட்டினார். பிறகு ஒர்க்‌ஷாப் முழுக்கத் தட்டியது.

“எங்க கிர்க்கிப் பொண்ணு சார்,” என்றார் ஆரோக்கியமணி.

சேஷு வரிசையாக நின்ற மற்ற பிரஸ்களைப் பார்த்தார். “இதுக்கெல்லாம் எப்பம்மா ஆரம்பிக்கலாம்?”

“இப்பவே சார்,” என்று சொல்லிவிட்டு பிலிஸ் அடுத்த பிரஸ்ஸை நோக்கி நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது.