இரண்டு தசம் மூன்று

சிமியோன் படியேறி வந்தபோது வினோஜா வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டு நின்றாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், ஆறு பேர் வேலைசெய்கிற சின்ன மென்பொருள் நிறுவனம் அது. அன்று காலை அவளும் முதலாளி வாகீசனும் பெயர் வைப்பதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடற்றொழிலாளர் சங்கங்களுக்காக அவர்கள் செய்த கணினி நிரல் ஒன்று உண்டு. நாளைக்குக் கடலுக்குப் போகிறோம் என்று முதல்நாள் அறிவித்த படகுகளுக்கு, காற்று எல்லை தாண்டினால் விடியமுன் எச்சரிக்கைச் செய்தி அனுப்பும். அந்த நிரலையும் அது ஓடத் தேவையான மற்றெல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி இணையத்தில் பொதுவாக வைத்துவிடுவார்கள். சங்கங்களின் கணினிகள் பெட்டியைத் தாங்களாகவே எடுத்துக்கொள்ளும். எந்தப் பெட்டி என்பதை அதன்மேல் ஒட்டியிருக்கிற பெயர்தான் சொல்லும். இவ்வளவு நாளும் அந்தப் பெயர் 2.3.

இனிமேல் திகதியைப் பெயராக வைப்போம் என்றார் வாகீசன். மூன்று இலக்கம் வைப்போம், எவ்வளவு சின்னத் திருத்தம் என்றாலும் கடைசி இலக்கம் ஒன்று கூடவேண்டும் என்பது வினோஜாவின் கட்சி.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. வலது முன்னங்கையில் தோல் உரிந்து ஆறின இடம் இளஞ்சிவப்பாக மினுங்கியது.

"என்ரை பேர் சிமியோன். குருநகர். போன மாதம் கவிண்ட படகு என்ரை."

வாகீசன் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். சிமியோன் அதன் நுனியில் இருந்தார்.

"அண்டைக்கு எனக்கு மெசேச் வந்ததோ எண்டு உங்கடை கொம்பியூட்டரிலை பாக்கேலுமோ?"

"அண்ணை, சங்கத்துக்கு நாங்கள் எழுத்திலை குடுத்திட்டம். உங்கடை சங்கத்திலையும் மற்ற மூண்டு சங்கத்திலையும் ஓடினது ஒரே 2.3 தான். மற்ற இடங்களிலை அது வடிவா எச்சரிச்சிருக்கு. பிறகு இஞ்சையும் ஓடவிட்டுப் பாத்தனாங்கள், பிழையில்லை. மெசேச் அனுப்பின பதிவுதான் உங்கடை சங்கத்திலை இல்லை. அடுத்த தரம் கரண்ட் போகேக்கை அழிஞ்சு போச்சு," என்றார் வாகீசன்.

சிமியோன் தலையாட்டினார். இதை அவர் முன்னமே கேட்டிருக்கிறார் என்பது தெரிந்தது.

"அண்டைக்குப் பெருநாள். சங்கத்திலை எங்கடை படகு ஒண்டுதான் வெளிக்கிட்டது, அதாலை வேறை ஆருக்கும் மெசேச் போயிருக்காது. என்ரை ஃபோனும் கடலோடை போட்டுது. வெளிக்கிடேக்கை கனிசியஸ் கேட்டவன், ஏதும் வந்ததோ எண்டு. பாத்திட்டு இல்லையெண்டனான். அப்பிடித்தான் எனக்கு ஞாபகம்." சேட்டுக் கையை இழுத்து ஆறின தோலை மறைத்தார். "அவன் என்ரை தங்கச்சி ஜெசிதாவின்ரை மனுசன், கரைக்குத் திரும்பி வரேல்லை. வந்ததை மறைச்சுப்போட்டுத்தான் நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனது எண்டு ஜெசிதா சொல்லுறாள். என்னோடை கதைக்கிறேல்லை. நெடுக அதையே கேக்கக் கேக்க, வந்துதான் இருக்குமோ எண்டு எனக்கும் வருது. விடியப்புறம், கண்ணாடியும் போடேல்லை."

சிமியோன் எழும்பினார்.

"அப்ப வந்துதான் இருக்கு," என்றார், தனக்குச் சொல்வதுபோல. ஒவ்வொரு படியாக அவர் இறங்கிப்போகிற சத்தம் கேட்டது.

வினோஜா எழுதுகோலை மூடினாள். பெருநாளுக்கு முதல் வெள்ளிக்கிழமை ஒரு சங்கம், காற்றின் வேகத்தைக் கிலோமீற்றரில் போடாமல் கடல்மைலில் போடச்சொல்லிக் கேட்டிருந்தது. பத்து நிமிட வேலை. செய்து முடித்து அதே 2.3 என்ற பெயரிலேயே பழைய பெட்டிக்கு மேலே புதியதை வைத்துவிட்டு, கொடிகாமம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். இவ்வளவு சின்ன விசயத்துக்குப் புதுப்பெயர் எதற்கு என்றுதான் அப்போது நினைத்தாள். திங்கட்கிழமை காலையில்தான் பிழை கண்ணில் பட்டது. எச்சரிக்கை எல்லை கிலோமீற்றரில் நாற்பத்தைந்து என்றே இருந்தது. ஐம்பது கிலோமீற்றர் காற்று கடல்மைலில் இருபத்தேழு. இருபத்தேழு நாற்பத்தைந்தைவிடக் குறைவு என்று பெட்டி பேசாமல் இருந்துவிடும். ஒருவரும் முறையிடமுதல் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு திருத்தி, திரும்பவும் 2.3 என்றே வைத்தாள். வாகீசன் ஓடவிட்டுப் பார்த்தது இந்த மூன்றாவது பெட்டியை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு படகு கவிழ்ந்தது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் நினைக்கவில்லை என்று சொல்லமுடியாது. நினைக்கத் தொடங்கிய ஒவ்வொரு தரமும் ஏதோ ஒரு வேலை வந்து நின்றது. அவளும் அதை விரும்பியே வரவேற்றாள். கணினி திரும்ப இயங்கினால்தானே புதுப்பெட்டியை எடுக்கும், அந்த இரண்டு நாளில் எந்தச் சங்கத்தில் அது திரும்ப இயங்கியிருக்கப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள். போய்ப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். பெயர் ஒன்றாக இருந்தாலும், உள்ளே இருப்பது ஓர் எழுத்து மாறினாலும் பெட்டியின் கைரேகை, அதாவது கணினி அதற்குப் போடுகிற அடையாள எண், மாறிவிடும். இங்கிருந்தபடியே சிமியோனின் சங்கத்துக் கணினிக்குள் போனாள். எடுத்த பெட்டிகளின் பட்டியல் அதில் அப்படியே இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஏழு பத்து, மின்சாரம் போய்த் திரும்பி வந்த நேரம். பெயர் 2.3. கைரேகை வெள்ளிக்கிழமைப் பெட்டியினுடையது.

அவள் கணினியை வாகீசன் பக்கம் திருப்பினாள். அவர் வாசித்தார், பிறகு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு இன்னொருமுறை வாசித்தார்.

"நான்தான் மாத்தினனான், வாகீசண்ணை. அந்தாளுக்கு ஒண்டும் வரேல்லை."

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

வாகீசன் கெட்ட மனிதர் அல்ல. கொழும்பு வேலையை விட்டுவந்து இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இப்ப சொன்னால் மற்ற மூண்டு சங்கமும் எங்கடை பெட்டியைக் கழட்டிப்போடும். பிறகு அவைக்கு எச்சரிக்கையே இல்லை. இன்னுமொருத்தன் போவான். அதையும் யோசியும்."

அவள் யோசித்தாள். அது வெறும் சாட்டு அல்ல.

"நீர் சொன்ன மூண்டு இலக்கமே வைப்பம்," என்றார் அவர். "இனி ஒரு பேரிலை ஒருக்கால்தான். அது காணும்தானே?"

"ஒரு பேரிலை ஒரு பெட்டிதான் எண்டு சங்கங்களுக்குப் போற அறிவித்தலிலை எழுதினால், இதுக்கு முதல் எப்பிடி இருந்தது எண்டு கேப்பினம்."

"அந்த வரியைப் போடவேண்டாம்."

பின்னேரம் எல்லாரும் போனபிறகு அவள் அறிவித்தலை எழுதினாள். பழைய 2.3 இன் கீழே மூன்று வரிகள் வந்தன: 2.3.0, 2.3.1, 2.3.2. ஒவ்வொன்றுக்கும் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று போட்டாள். நடு வரியில், இந்தப் பெட்டி பலத்த காற்றுக்கும் எச்சரிக்காது, சிமியோனின் சங்கத்தில் ஞாயிறு அதிகாலை ஓடியது இதுவே என்று எழுதினாள். "தவறுதலாக" என்று ஒரு சொல் சேர்த்தாள். பிறகு அதை எடுத்துவிட்டாள். வாகீசன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டாள். அவர் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மோட்டார் சைக்கிள் சத்தம் போய் மறைந்தபிறகு அவள் அறிவித்தலை வெளியிட்டாள்.

அடுத்தநாள் காலை அதையே தாளில் எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனாள். சிமியோன் வீட்டுக்கு வெளியே வெறும் கையோடு குந்தியிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வழியில் ஒத்திகை பார்த்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "பெட்டியை மாத்தினது நான். உங்களுக்கு மெசேச் வரேல்லை," என்பது மட்டும் இரண்டு தரம் வந்தது.

அவர் தாளை வாங்கி, தூரப் பிடித்து, நடு வரியை வாசித்தார்.

"அப்ப நான் வடிவாத்தான் பாத்திருக்கிறன்," என்றார்.

அவர் முகத்தில் ஏதோ இளகியது. ஆனால் அது நிலைக்கவில்லை. தாளைப் பிடித்திருந்த கை மெல்ல மடியில் இறங்கியது.

"வந்திருந்தால் போயிருக்க மாட்டம்," என்றார். "அவன் இருந்திருப்பான்."

அவர் ஏசுவார் என்றுதான் வினோஜா வந்திருந்தாள். அதற்கு மனதைத் திடப்படுத்தியும் வைத்திருந்தாள். அவர் அவளை ஏசவில்லை. தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்பினார்.

"இதைத் தங்கச்சிக்குச் சொல்லுவியளோ? நான் சொன்னால் நம்பாள்."

"ஓம்."

ஜெசிதாவின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. வேலிப் படலையோடு சிமியோன் நின்றுவிட்டார். கூப்பிடும் சத்தம் கேட்டு வெளியே வந்த ஜெசிதா, தமையனைக் கண்டதும் முகத்தைத் திருப்பி, வினோஜாவை மட்டும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள்.

வினோஜா அதில் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தான் யார், என்ன செய்தாள் என்று முதலிலிருந்து சொன்னாள். ஜெசிதா ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை. எல்லாம் முடிந்ததும் தாளுக்குக் கை நீட்டினாள். வாசித்தாளா, வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாளா என்று தெரியவில்லை. பிறகு அதோடேயே உள்ளே போனாள்.

முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படலையடியில், உள்ளே வா என்று சொல்ல ஒருவருமில்லாமல், சிமியோன் அசையாமல் நின்றார். உள்ளே இன்னொரு கதிரை நிலத்தில் உரசி இழுபடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வாசலுக்குக் கிட்ட வந்து, அங்கேயே நின்றுவிட்டது.