லோனி ப்ரூவிட்டின் பை

லோனி ப்ரூவிட்டின் பேஸ்பால் பையை அவன் அம்மா வெர்னாவைத் தவிர வேறு யாராலும் தரையிலிருந்து ஒரு விரல்கடைகூடத் தூக்க முடியாது. அவனுக்குப் பதினைந்து வயதான மார்ச் மாதத்தில் இது தொடங்கியது. அந்த வருஷம் கான்சஸில் எங்கள் ஆர்லிஸ் ஊரில் கோதுமை புஷல் மூன்று டாலர் பத்து சென்டுக்குப் போனது, ஆலங்கட்டி மழை இரண்டு முறை பெய்தது. பைக்குள் இருந்தவை ஒரு தோல் கையுறை, முள் காலணி ஒரு ஜோடி, காலுறையோடு சீருடை, இரண்டு பந்து, ஒரு துண்டு, பாதி தின்ற சூரியகாந்தி விதைப் பொட்டலம். ரோடியோவில் கன்றைக் கவிழ்க்கிற மூன்று தடியன்கள் சேர்ந்து முக்கிப் பார்த்தார்கள், முகம் சிவந்ததுதான் மிச்சம். தீயணைப்பு வண்டியின் இரும்புக் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. வெர்னா ஒரு கையில் காப்பிக் கோப்பையோடு வந்தாள், மறுகையால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், பிக்கப் வண்டியை நோக்கி நடந்தாள்.

வெர்னா எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடைக்காரி. கோதுமை லாரிகளை நிறுத்தி எடை சொல்வது அவள் வேலை. ஒருநாள் பையை மேடையில் வைத்துப் பார்த்தாள், நாலாயிரத்து நூற்று அறுபது பவுண்டு காட்டியது. அதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையில் நின்றாள், அவள் எடைக்கு மேல் பத்தொன்பது பவுண்டுதான் காட்டியது. மேடையைச் சோதிக்க வந்த மாநில ஆய்வாளர் பிழை ஒன்றும் இல்லை என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். பையைப் பிரித்து ஆட இறங்கிவிட்டால் உள்ளே இருந்தவை எல்லோருடைய சாமான்களையும் போலத்தான் இருந்தன. வீட்டில் கிளம்பியதிலிருந்து மைதானத்தில் பையைப் பிரிக்கும் வரைதான் அந்தக் கனம். தனித்தனியாக எடுத்துப் போகலாமே என்று ஒரு புத்திசாலி சொன்னான். அவன் பேச்சைக் கேட்டு லோனி ஒரே ஒரு காலுறையைக் கையில் எடுத்தான், அது அவனை வாசற்படியிலேயே உட்கார வைத்துவிட்டது. பாதிரியார் இதைப் பாவத்தின் பாரம் என்றார். கால்நடை வைத்தியர் முதுகுத்தண்டுக் கோளாறு என்றார், யாருடைய முதுகுத்தண்டு என்று சொல்லவில்லை. ஒரு மாதத்தில் ஊருக்கு இது பழகிப்போனது.

பழகாதவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். கல்லூரிகளுக்காகப் பையன் பார்க்க வருகிறவர்கள் பெண் பார்க்க வருகிறவர்களைவிடக் கறாரானவர்கள். பந்தின் வேகத்தை அளந்து காட்டும் துப்பாக்கியை வலைக்குப் பின்னால் நீட்டுவார்கள், கை, கால், கண், மனசு என்று எல்லாவற்றுக்கும் எண் போடுவார்கள், பையன் இன்னும் எவ்வளவு வளர்வான் என்று அறிய அப்பனின் உயரத்தைத் தேடுவார்கள். லோனியின் அப்பன் வயோமிங்கில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போய்த் திரும்பாதவன். ஆனாலும் லோனி இடக்கையன், மணிக்கு எண்பத்தொன்பது மைல் வேகத்தில் எறிகிறவன், அதனால் வந்தார்கள். வந்தவர்கள் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டி நிறுத்துமிடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பையன் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறானா என்று பார்க்கத்தான். அம்மா பை தூக்கினால் பையன் உதவாக்கரை என்பது அவர்கள் வேதம். ஆட்டம் முழுவதும் பார்த்து நல்ல நல்ல எண்களாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் “பையை அம்மா சுமக்கிறாள்” என்று எழுதுவார்கள், பெயரை அடித்துவிடுவார்கள். மூன்று வசந்தங்களில் பதினொரு கல்லூரிகள் இப்படி அடித்தன.

லோனிக்குப் பாலம் கட்டும் படிப்புப் படிக்க ஆசை. பந்து எறிந்து ஒரு கல்லூரிக்குள் நுழைந்தால் அது நடக்கும், இல்லையென்றால் ஊர்க்கோடியில் பன்றி வெட்டும் ஆலை அவனுக்காகத் திறந்தே இருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மகனின் பிழைப்பைக் கெடுக்கிறாள் என்று வெர்னாவைத்தான் பேசினார்கள். நாங்களும் பேசினோம், அதை மறைப்பதற்கில்லை. பயிற்சியாளர் ஹேமெக் எடைமேடைக்கே போய்விட்டார்.

“வெர்னா, சொன்னா கேளு. பைய காலைலயே கொண்டாந்து மைதானத்துல வச்சுடு. பையன் தோள்ல ஒரு வெத்துப் பைய மாட்டி விடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?”

“பத்தொம்பது வருஷமா எட போடுறேன், ஹேமெக். உங்கப்பன் தண்ணி தெளிச்ச கோதுமைய ஏத்திக்கிட்டு வந்து கண்ணடிச்சப்பவே நான் பொய் எட போடல. இப்பவா போடப் போறேன்?”

அத்தோடு விட்டாளா? அதற்குப் பிறகு பிக்கப்பை மைதான வாசலில் நிறுத்துவதையே விட்டுவிட்டாள். வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில் நிறுத்தி, அத்தனை கார்களின் முன்னாலும் பையோடு நிதானமாக நடந்து வருவாள். பார்க்கிறவன் நன்றாகப் பார்க்கட்டும் என்பாள். திமிர் என்றால் திமிர்தான், எங்களுக்கு அது பிடித்துப்போக ஆரம்பித்தது அப்போதுதான்.

பள்ளியின் கடைசி வருஷம், வட்டார இறுதி ஆட்டத்துக்கு ஆறு கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தது. அதற்கப்புறம் யாரும் வரப்போவதில்லை. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் லோனி அழுதான். இந்த ஒரு தடவை மட்டும் என்றான். வெர்னா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“சரி, காலைல கொண்டு போய் பெஞ்சுக்குக் கீழ வச்சுட்டு நான் வேலைக்குப் போறேன். ஆனா பொய்ய நீதான் தூக்கணும். அத என் தோள்ல ஏத்தாத.”

மறுநாள் லோனி பழைய செய்தித்தாள் அடைத்த ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு கார்களின் முன்னால் நடந்தான். காகிதம்தான், ஆனாலும் கால் பின்னியது. மூன்றாவது காரில் இருந்தவர் முன்பே ஒருமுறை வந்து அவன் பெயரை அடித்தவர். சன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்ன தம்பி, ஆயா இன்னிக்கி லீவா? பரவால்ல, ஆம்பளையாயிட்ட!” என்றார். லோனி நின்றான். பையை அந்தக் காரின் முகப்பில் வைத்து ஜிப்பைக் கிழித்துத் திறந்து கவிழ்த்தான். கான்சஸ் காற்றுக்குச் சொல்லவா வேண்டும், விளம்பரத்தாளும் விளையாட்டுப் பக்கமும் ஆறு கார்களின் மேலும் பறந்து ஒட்டிக்கொண்டன.

“இது பொய் சார். நெசப் பை அங்க பெஞ்சுக்குக் கீழ இருக்கு. எங்கம்மா மூணு வருசமா தூக்குனது. இவ்ளோ பேசுறீங்கல்ல, நீங்க தூக்குங்க பாப்போம். உங்க ஆறு பேர்ல ஒருத்தர் தூக்கிட்டா நான் இன்னிக்கே பந்தக் கீழ வச்சுடுறேன்.”

ஆறு பேரும் சிரித்துக்கொண்டேதான் இறங்கி வந்தார்கள். தனித்தனியாக இழுத்தார்கள், பிறகு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சேர்ந்து இழுத்தார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நடுவரும் வந்து ஒரு கை கொடுத்துப் பார்த்தார். ஆட்டம் நாற்பது நிமிஷம் தாமதமானது. பார்வையாளர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டம் பார்க்க வந்த வெர்னா, கோதுமைத் தூசி படிந்த சட்டையோடு வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “தள்ளுங்கப்பா, பையன் ஆடணும்ல,” என்றாள். ஒரு கையால் பையை எடுத்து பெஞ்சின் மேல் வைத்து ஜிப்பைத் திறந்துவிட்டாள். லோனி அன்று பதினான்கு பேரை ஒரு பந்தையும் அடிக்கவிடாமல் திருப்பி அனுப்பினான். துப்பாக்கி தொண்ணூற்றொன்று காட்டியது.

ஐந்து பேர் எண்களைப் போட்டு, கடைசி வரியில் “பையை அம்மா சுமக்கிறாள்” என்று எழுதி, பெயரை அடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு கண்ணாலும் பார்த்ததைத் தாளில் எழுதத் தைரியம் வேண்டும், அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆறாவது ஆள் ஃப்ளாய்ட் கென்னமர், மேற்கே நூற்று முப்பது மைலில் ஒரு சின்னக் கல்லூரிக்காக வந்த கிழவர். அவரும் “பையை அம்மா சுமக்கிறாள்” என்றுதான் எழுதினார். அதன் கீழே “நான் தூக்கிப் பார்த்தேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லோனி அந்தக் கல்லூரியில் நாலு வருஷம் எறிந்தான், பாலமும் படித்தான். ஆட்டம் உள்ள நாளெல்லாம் வெர்னா பிக்கப்பில் போய் அணியின் பேருந்துக்குப் பையை ஏற்றி இறக்கினாள். பை ஏறியதும் பேருந்து சாயவில்லை, வழியெல்லாம் பை அவள் மடியில் அல்லவா இருந்தது. ஓட்டுநர் தனக்குப் பின்னால் முதல் இருக்கையை அவளுக்கு ஒதுக்கி வைத்தார். எங்கள் பக்கத்து மாவட்டங்களுக்குப் பையன் பார்க்க வருகிறவர்கள் இப்போதும் ஒரு மணி நேரம் முன்பே வந்து விதை கொறித்துக்கொண்டு காரில் உட்காருகிறார்கள். எந்த அம்மாவாவது பை தூக்கி வந்தால் இறங்கிப் போய், பையைக் கீழே வைக்கச் சொல்லி, முதலில் தூக்கிப் பார்க்கிறார்கள். பத்துக்கு ஒன்பது பை சும்மா வந்துவிடுகிறது, அந்தப் பையன் சோம்பேறி, பெயரை அடித்துவிடுகிறார்கள். தூக்க வராத பைக்குத் தொப்பியைக் கழற்றி, அந்த அம்மாவுக்கு வழி விட்டுவிட்டு, ஆட்டம் பார்க்கப் போகிறார்கள்.