காயாத தலை

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே தோட்டம் வைத்திருக்கும் தனபால் வீட்டில் அவர், மனைவி, மகள் மூன்று பேருக்கும் ஏழு வருடமாகத் தலை காயவில்லை. தனபால் தோளில் துண்டில்லாமல் சந்தைக்குப் போவதில்லை. அவர் மனைவி செல்லாயி படுக்கும் தலையணை மாதம் ஒன்று பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போகும். சாம்பிராணி, வெயில், சேலத்தில் வாங்கிய முடி உலர்த்தும் மிஷின் எதுவும் எடுபடவில்லை. ஊருக்குக் காரணம் தெரியாது. மகன் இனியனுக்குத் தெரியும், அன்றைக்கு மோட்டாரைப் போட்டதே அவன்தான்.

பத்தாவது படிக்கையில் பக்கத்து பெஞ்சுப் பையன் ஊரை விட்டுப் போனதற்கு இனியன் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தான். வயிற்றில் பூச்சி என்று செல்லாயி வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்க வைத்தாள். அந்தப் பூச்சி சாகவில்லை. படித்து முடித்து ராசிபுரத்தில் கோழித்தீவனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன், பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் ஈஸ்வரோடு ஒரே வீட்டில் குடியிருந்தான். இருபத்தாறு வயதில் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு நடுவில் சொல்லிவிட்டான்.

"பொண்ணு பாக்க வேண்டாங்கப்பா. நானும் ஈஸ்வரும் சேர்ந்துதான் வாழறோம். கடைசி வரைக்கும் அப்படித்தானுங்க."

தனபால் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுக் கை கழுவினார்.

"மூணு பேஸ் கரண்டு வந்துருச்சா பாரு."

"வந்துருச்சுங்கப்பா."

"மோட்டாரப் போடு."

எட்டு வயதிலிருந்து அது அவன் வேலை, அதனால் எதற்கென்று கேட்கவில்லை. தொட்டியில் தண்ணீர் பாய்ந்ததும் தனபால் மனைவியையும் மகள் தமிழினியையும் இழுத்து வந்து குழாய்க்கடியில் தலையை நனைத்தார், பிறகு தானும் நனைந்தார். மற்றவர்கள் தலைமுழுகிவிட்டேன் என்று வாயால் சொல்வார்கள். அவர் எதையும் செய்து காட்டுகிற மனிதர்.

"எழவு உழுந்தாத் தலை முழுகோணுமல்ல. முழுகியாச்சு. மோட்டார நிறுத்திப்போட்டுக் கெளம்பு."

இனியன் நிறுத்திவிட்டுக் கிளம்பினான். தனபால் கல்நெஞ்சுக்காரர் இல்லை, எருமை செத்ததற்கு மூன்று நாள் அழுதவர். மகனுக்காகத்தான் அவருக்கு ஒரு சொட்டு வரவில்லை.

அன்றிலிருந்து ஈரம். மோட்டாரைப் போட்டவன் கை பட்டால் காயும் என்றார் நாமகிரிப்பேட்டையில் குறி சொல்பவர். "செத்தவனுக்கு ஏதுங்க கை?" என்று தனபால் எழுந்து வந்துவிட்டார். தமிழினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஈரத்தலையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அண்ணன் எங்கே என்று மட்டும் கேட்டார்கள். இறந்துவிட்டான் என்றதும் நிம்மதியாக நாள் குறித்தார்கள்.

போன ஆடியில் செல்லாயி கோயிலுக்கென்று சொல்லிவிட்டு ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினாள். வாசலில் நின்றவளை உட்காரவைத்து இனியன் துண்டால் துவட்டினான். தலை காய்ந்தது. அவள் கூந்தலை விரித்துவிட்டு ஃபேனுக்கடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். காப்பி கொண்டுவந்த ஈஸ்வரிடம், "இன்னுங் கொஞ்சம் சக்கரை போடு சாமி" என்றாள். இனியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மா இந்தத் தலையோடு வீட்டுக்குப் போனால் போதும், தான் உயிரோடு இருப்பதாக வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தான்.

பஸ் ஸ்டாண்டில் அவள் குடிநீர்க் குழாயடியில் நின்றாள்.

"காஞ்ச தலையோட போனா உங்கப்பாருக்குத் தெரிஞ்சிரும். தமிழினி பொழப்பும் இருக்குதல்ல. ஊத்து சாமி."

"நானாங்கம்மா?"

"வேற ஆரு?"

இனியன் பாட்டிலில் பிடித்து ஊற்றினான். காதுக்குள் போகாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டான். செல்லாயி தலையைத் தொட்டுப் பார்த்து, இன்னொரு பாட்டில் என்றாள்.

அமாவாசைக்கு அமாவாசை இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. மல்லசமுத்திரம் பஸ்ஸின் கண்டக்டர் அன்றைக்கு மட்டும் ஜன்னலோர சீட்டில் ஒரு சாக்கை விரித்து வைத்திருப்பார்.