பிரெஞ்சுக்காரருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

"செத்தவன் பிரெஞ்சுக்காரன். அழுவுறதுக்கு அவ பேரு எதுக்குய்யா உன் பேரு பக்கத்துல?"

பக்கத்து வீட்டுக் கலையரசியின் குரல் எங்கள் குக்கர் விசிலையும் மீறிக் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, காயாத துணியை எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். அங்கிருந்துதான் அவர்கள் கூடம் நன்றாகத் தெரியும்.

"அது வாசகர் வட்டத்து பேனர், கலை. நானும் எழில்மதியும் பொறுப்பாளருங்க" என்றார் அவள் கணவர் கவியரசன்.

"பொறுப்பாளருன்னா போட்டிருக்கு? துயருறும் குடும்பத்தினர்னு போட்டிருக்கு!"

கவியரசன் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்துகிறார். வெண்டைக்காய் நறுக்கச் சொன்னால்கூட மனிதச் சுதந்திரம் பற்றிப் பேசுவார். ஐந்து வருடமாக, பிரெஞ்சு இருத்தலியல்வாதி ஒருவரின் வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். அந்த மனிதர் காபிக்கடையில் உட்கார்ந்தே நாவல், நாடகம், தத்துவம் எல்லாம் எழுதினாராம். உலகமே கொண்டாடுகிற பரிசைக் கொடுத்தபோது வேண்டாம் என்றாராம். அவருடைய நினைவு நாளுக்குத் தியாகதுருகம் பேருந்து நிறுத்தத்தில் பேனர் வைத்தார் கவியரசன். பேனர் கடைக்காரருக்கோ செத்தவர் படம் என்றால் ஒரே டிசைன்தான்: கண்ணீர் சொட்டும் கண், இரண்டு மெழுகுவத்தி, கீழே குடும்பத்தார். கொடுத்த இரண்டு பெயரும் ஜோடியாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டன. எழில்மதி அதே கல்லூரியில் வேலை பார்ப்பவள். வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை.

கடைக்காரர் மேல் பழியைப் போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். இவர் அப்படிப்பட்டவரா?

"பொறாமைப்படாத கலை. அந்த பிரெஞ்சுக்காரரும் அவரு தோழி ஒரு அம்மாவும் அம்பது வருசம் தாலி கட்டாமயே இருந்தாங்க. தனித்தனி வூடு. வேற யார்கிட்ட பழகினாலும் ஒளிக்காம சொல்லிக்கினாங்க. நாமளும் அப்பிடி இருந்தா இன்னா?"

என் கையிலிருந்த துணி நழுவியது.

"அப்ப அவகிட்ட பழகுறன்னு சொல்ற?"

"பழகலாம்னு ஒரு சுதந்திரம்..."

சுதந்திரம் அவருக்கு, சோறு மட்டும் கலையரசி கையால்.

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வீங்கிய கண்ணோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இவரு எழுதினத பூரா படிச்சேன். அந்தம்மா சும்மா குந்திக்கினு இல்லக்கா. அவங்களும் பொஸ்தகம் எழுதினாங்க, அவங்களுக்கும் வேற ஆளு இருந்தான். இவரு அத ரெண்டே வரில முடிச்சிட்டாரு."

அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. முன்பு ஒருமுறை தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தபோது, இவருக்கு யார் ஆக்கிப்போடுவது என்று வேண்டாமென எழுதிக் கொடுத்தவள். இந்த மே மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியைக் கேட்டு வாங்கினாள்.

"தனித்தனி வூடு, நீங்க கேட்டதுதான். எதையும் ஒளிக்காம சொல்லிடறேன்" என்று பேருந்து ஏறினாள்.

சொன்னாள். அதுதான் வினையாயிற்று. கவியரசன் தினமும் சாயங்காலம் மாடியில் நின்று ஸ்பீக்கரில் பேசுவார். கேட்காமல் இருக்க நான் என்ன செவிடா?

"கணக்கு சார் பிரவீன்குமார் பைக்ல எறக்கி வுட்டாரு. பலாப்பழம் கொண்டாந்தாரு. சேந்து சாப்புட்டோம்."

"சேந்துன்னா? எங்க குந்திக்கினு?"

"ஏங்க, பொறாமையா?"

"சேச்சே. சும்மா கேட்டேன்."

அந்த வாரமே கவியரசனுக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. புத்தகம் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிக்க வந்த எழில்மதியிடம், "பைக்ல பின்னாடி குந்துறவங்க எங்கம்மா புடிச்சுக்குவாங்க?" என்று கேட்டாராம். அந்தப் பெண்ணே என்னிடம் சொல்லிச் சிரித்தது.

சனிக்கிழமை முதல் பேருந்தில் மலையேறினார். அன்றைக்கே கலையரசி எனக்குப் போன் போட்டாள்.

"வந்ததும் வராததுமா பிரவீன்குமார் சார் வயசக் கேட்டாருக்கா. அம்பத்தேழுன்னாரு. அப்பவும் மூஞ்சி தெளியல. சுதந்திரம் இன்னா ஆச்சின்னேன். 'அது அந்த ஊருக்கு சரி, இங்க குளிரு ஜாஸ்தி'ன்றாரு."

எழில்மதி ஆவணியில் திருநாவலூர் உரக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் புத்தக வாசனையே கிடையாது. கவியரசன் கல்லூரியை விட்டுவிட்டு மலைக்கே குடிபோனார். சமையல் அவர் பொறுப்பு என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் கலையரசி பையை உள்ளே வைக்க விட்டாளாம். பக்கத்து வீட்டில் இப்போது தங்கதுரை என்று ஒரு வங்கிக்காரர் மனைவியோடு இருக்கிறார். இரண்டு பேரும் சத்தம் போட்டுப் பேசுவதே இல்லை. என்ன குடித்தனமோ.