மூக்கில் ஊதா

ஆன்செல்ம் எழுந்தான். அடுப்பு மூட்டினான். காப்பி வைத்து, நேற்றைய ரொட்டியை நனைத்துத் தின்றான். கோழிகளைத் திறந்துவிட்டான். தூரிகைகளைக் கழுவினான். மனைவி லியோந்தீன் இறந்துபோன பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

அன்று மாமியார் ஸெலி, மகளின் படத்தை வாங்கிப்போக வந்தாள். துணியை விலக்கிப் பார்த்தவள் கையை இடுப்பில் வைத்தாள்.

"மாப்பிள்ளை, என் பொண்ணு மூக்குல யாரு பீட்ரூட் தேய்ச்சது?"

"நிழல் அத்தை. மஞ்சள் வெயில்ல நிழல் ஊதாவாத் தெரியும். பாரீஸ்ல, சாயப்பட்டறையில இருந்த ரசாயனக்காரர் ஒருத்தர் ஆராய்ஞ்சு எழுதியிருக்கார்."

"அவருக்குப் பொண்டாட்டி உண்டா? அவ மூஞ்சியில பூசச் சொல்லு. ஞாயித்துக்கிழமை சொந்தபந்தம் வருது. பார்த்தா, நீ அடிச்சுட்டேன்னு சொல்வாங்க. தோல் நிறத்துல மாத்திக் கொடு. இல்லேன்னா கடைப் பலகை எழுதுறவன்கிட்ட கொடுத்து மாத்திக்கிறேன்."

அவள் செய்யக்கூடியவள். ஆன்செல்ம் தகரக் குழாயைப் பிதுக்கி நிறம் குழைத்தான். தூரிகை படத்தின் மூக்கருகே போய் நின்றுவிட்டது. ஊதாவை மூடினால் அன்றைய வெயில் போய்விடும். வெயில் போனால் அவளும் போய்விடுவாள். வேறு படம் கிடையாது.

"அத்தை, மாத்துறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

ஸெலி பின்வாங்கினாள். கோழி ஒன்று காலில் மாட்டிக் கத்தியது.

"இன்னும்."

"வாசலே வந்துடுச்சு."

"இன்னும் போங்க."

"அந்தப் பக்கம் புரோஸ்பேரோட முட்டைக்கோஸ். மிதிச்சா என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பான்."

முணுமுணுத்துக்கொண்டே பாத்திக்குள் இறங்கித் திரும்பினாள். முணுமுணுப்பு நின்றது.

அங்கிருந்து ஊதா இல்லை, பச்சை இல்லை, திட்டுத் திட்டாக எதுவுமே இல்லை. ஆப்பிள் மரத்தடி வெயிலில் லியோந்தீன் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "ஏம்மா ஸெலி, என் கோஸுக்குள்ள என்ன பண்ற?"

"சும்மா இருய்யா. என் பொண்ணு உட்கார்ந்திருக்கா."

ஜன்னல் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. வெகுநேரம் கழித்து அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"எங்க கூடம் இவ்வளவு நீளமில்லையே, மாப்பிள்ளை."

"அப்ப மாத்தவா?"

"தொட்டா கையை ஒடிப்பேன். சொந்தக்காரங்களைத் தோட்டத்துல உட்கார வச்சுக்கறேன்."

ஆன்செல்ம் தூரிகையைக் கீழே வைத்தான். மாதக்கணக்கில் வராத சிரிப்பு வந்தது, தடுக்கவில்லை.

"வாயைத் திறந்து என்னமோ சொல்ல வர்றா பாரு," என்றாள் ஸெலி. "சாகும்போது அவ ஜெபம் சொன்னான்னு பாதிரியார் சொல்றார். நெசமாவா?"

அவள் கடைசியாகச் சொன்னதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. படம் அப்போது கட்டிலருகே சாத்தியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபம் இல்ல அத்தை," என்றான். "'மூக்குல இருக்கிற ஊதாவுக்கு நான் பொறுப்பில்ல. எங்கம்மாவுக்கு நீயே பதில் சொல்லிக்கோ'ன்னு சொன்னா."