கேப்டன் பெயரைச் சொல்லக் கூடாது

விண்கலத்தின் எஞ்சின் உறுமலுக்குப் பல் குடையும் மெஷின். விண்கலத்தின் கதவு திறப்பதற்கு, நோயாளியைச் சாய்க்கும் நாற்காலி. பல் டாக்டர் விடுமுறை நாட்களில் தன் கிளினிக்கிலேயே ஒலி நாடகம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. எக்ஸ்ரே அறையின் சுவர் முழுக்கப் பழைய கம்பளிகள் தொங்கும்; நடுவில் ஒரு மைக். கேட்கிறவர்களுக்கு அது அண்டவெளி. உள்ளே நிற்கிறவர்களுக்குக் கிராம்புத் தைல வாசனை.

அந்த மைக்குக்கு முன்னால் நின்று நின்றே வயர்லெஸ் அக்காவுக்குத் தலை நரைத்தது. அவளுடைய சொந்தப் பெயர், அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளிக்கு ஞாபகம் இருந்தால் உண்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால், போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லாரும் டிவி முன் உட்கார்ந்த விண்வெளித் தொடரில் அவள்தான் வயர்லெஸ்காரி. கடைசியாக ஒளிபரப்பான பகுதியில், ஆளே இல்லாத கிரகத்தில் ஒரு சிக்னல் நிலையத்தில் அவளை விட்டுவிட்டு, எரிபொருள் கொண்டுவரக் கேப்டன் கிளம்பினார். அடுத்த வாரம் அதே நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். தொடரை நிறுத்திவிட்டார்களாம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அங்கே ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று கேட்க நாதியில்லை.

ஒரே ஒரு நாதி இருந்தது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பல் டாக்டர், அந்த வாரம் முழுக்க ஜுரத்தில் படுத்துவிட்டாராம். வளர்ந்து ஆளாகிச் சொந்தமாகக் கிளினிக் வைத்ததும், தொடரை எழுதியவரைத் தேடிப் பிடித்தார். வயர்லெஸ்காரி பாத்திரத்தின் உரிமை மட்டும் எழுத்தாளரிடம் தங்கியிருந்தது; அதை வாங்கிக்கொண்டார். கேப்டன், கப்பல், டைட்டில் இசை எல்லாம் டிவி கம்பெனியின் சொத்து. ஆகவே டாக்டரின் நாடகங்களில் வயர்லெஸ்காரி தனியாகவே நிலையத்தைக் காத்தாள், தொலைந்த கப்பல்களுக்கு வழி சொன்னாள், அவ்வப்போது வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கேப்டன் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். எடுத்த நாடகம் அத்தனைக்கும் மங்களம் பாடிவிட வேண்டியதுதான். புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்து மனைவிகள் மாதிரி அவளும் “அவர்”, “அவர்” என்றே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

அப்படியிருக்க, ஒருநாள் அந்த அவரே போன் செய்தார்.

“அடுத்த வாரம் தொண்டையில ஆபரேஷன். அப்புறம் பேச்சு வராதுன்னுட்டாங்க. உன்னை அங்க விட்டுட்டு வந்தவன் நான்தானே? ஒருதடவை வந்து கூட்டிட்டுப் போயிடறேன். உங்க டாக்டர் விடுவாரா?”

விடுவாராவாவது! டாக்டர் தலைகால் புரியாமல் குதித்தார். பிறகு வக்கீல் ஞாபகம் வந்து உட்கார்ந்தார். யோசித்து யோசித்து ஒரு காட்சி எழுதினார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வயர்லெஸ்காரி “யாரது?” என்கிறாள். வந்தவர் “வழிப்போக்கன்” என்கிறார். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கேட்கிறவர்கள் பாடு. வழிப்போக்கன் மேல் எந்த வக்கீல் கேஸ் போடுவார்?

விடுமுறை நாள் பகலில் கேப்டன் வந்தார். டிவியில் தோளால் இடித்தே கதவு திறந்தவர், கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆயுசெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர், தன் வாயை மூட மறந்து நின்றார்.

“உக்காருங்க கேப்டன்” என்று பதற்றத்தில் பல் பிடுங்கும் நாற்காலியைக் காட்டினார்.

“அதுல வேணாம் தம்பி. விண்வெளிக்கெல்லாம் போயிருக்கேன், ஆனா அதைப் பார்த்தா பயமா இருக்கு.”

சிரித்தார்கள். அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்ததே தவிர, அப்படியே இருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு இருபத்திரண்டு வயசு திரும்பி வந்தது. அட்டையில் செய்த கப்பலும், சூடேறி அணைந்துபோகும் விளக்குகளும், ஷாட்டுக்கு நடுவே இவர் அடித்த ஜோக்குகளும் வந்தன. அடுத்த வாரம் இந்தக் குரல் இருக்காது என்பதும் கூடவே வந்தது.

ஒலிப்பதிவு தொடங்கியது. கேப்டன் மருந்து அலமாரியின் மரக்கதவைத் தட்டினார்.

“யாரது?” என்றாள் அவள்.

கேப்டன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தன் பெயரையும் கப்பலின் பெயரையும் கணீரென்று சொன்னார். பழக்கதோஷம்.

“கேப்டன்... வழிப்போக்கன்” என்று டாக்டர் நினைவூட்டினார்.

“ஆமாமா. மன்னிச்சுக்கோ.”

இரண்டாவது தடவையும் பெயர்தான் வந்தது. மூன்றாவது தடவை “வழிப்போ...” என்று ஆரம்பித்து இருமலில் முடிந்தது. கேப்டன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“கோவிச்சுக்காதே தம்பி. எனக்காக இவ்வளவு நாள் காத்துக்கிட்டிருந்த பொண்ணு யாரதுங்கறா. அவகிட்டயே போய் வழிப்போக்கன்னு எப்படிச் சொல்றது? வாய் வரமாட்டேங்குது.”

“பேரைச் சொன்னா எல்லாமே போயிடும் கேப்டன்” என்றார் டாக்டர்.

கேப்டன் வெந்நீர் குடித்தார். குரல் கம்மிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு தடவை தாங்கும், அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. கம்பெனி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயந்து சாகிற டாக்டர் மேல் வந்தது. கடைசியில் தன் மேலேயே வந்தது. யாரது என்று கேட்டால்தானே அவர் பதில் சொல்ல வேண்டும்? வீட்டு மனுஷர் கதவைத் தட்டினால் எந்தப் பைத்தியக்காரி யாரது என்று கேட்பாள்?

“நீங்க தட்டுங்க சார். நான் பார்த்துக்கறேன்.”

தட்டினார். எழுதிவைத்த தாளை மடித்துவிட்டாள்.

“திறந்துதான் இருக்கு, வாங்க” என்றாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. “ஏன் இவ்வளவு நேரம்? போன மனுஷன் போனதுதானா? இங்க ஒருத்தி இருக்கிறாளா செத்தாளான்னு பார்க்க வேணாமா?”

டாக்டர் கையைப் பிசைந்தார். கேப்டன் மைக்கைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“தப்புதாம்மா. வழியில ரொம்ப நேரமாயிடுச்சு. கிளம்பு, போலாம்.”

கதவுச் சத்தத்துக்காக டாக்டர் நாற்காலியின் பெடலை மிதித்தார், மூக்கை உறிஞ்சாமல், கண்ணீரைத் துடைக்காமல். நல்ல தொழில்காரர்தான்.

முடிந்ததும் கேப்டன் தொண்டையைக் காட்டி, இனி முடியாது என்று கையசைத்தார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டு, எடுத்ததைப் போட்டார்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டும் இடம் வந்தது. அவர் விரல் தொடையில் தட்டியது. திட்டும் இடம் வந்தது. தப்பு செய்த பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். முடிந்தபின் ஒரு விரலைத் தூக்கி, இன்னொரு தடவை என்று காட்டினார்.

டாக்டர் மறுபடி போட்டார். இந்தத் தடவை அவர் குனியும்போது அவள் அருகே போய்த் தோளில் கை வைத்தாள்.