வலப்பக்கம் வந்த ஸ்டியரிங்

முசியே மண்ணாங்கட்டியின் டாட்சன் காரை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஸ்டியரிங் பிடிக்க அவர். முன்னால் போகிற பஸ்ஸை முந்தலாமா கூடாதா என்று சொல்ல அவர் சம்சாரம் அஞ்சலாட்சி. கார், பிரெஞ்சுக்காரர் ஆளுகிற தீவான நியூ கலிடோனியாவிலிருந்து கப்பலில் வந்தது. அந்த ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம். இங்கே இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினால் பஸ்ஸின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் பதின்மூன்று வருஷமாக அந்த அம்மாள் வலப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி, "போலாம்", "இருங்க", "லாரி வருது" என்று சொல்லிக்கொண்டே கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வந்தார். ஒருநாள் மூலக்குளம் தாண்டி "போலாம்" என்றவர், பாதி முந்தியதும் "ஐயோ, இருங்க" என்றார். கார் ஒரு கரும்பு வண்டியை உரசிக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும், "இனிமே உங்க காருக்கு நான் கண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

முசியே மண்ணாங்கட்டி பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்தவர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பிள்ளை தங்காத வீட்டில் வைக்கிற பெயர்தான் மண்ணாங்கட்டி. முன்னால் ஐயா என்கிற பிரெஞ்சு முசியே சேர்ந்ததும் அதற்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. சண்டைக்குப் பயப்படாத மனிதர், முத்திரை குத்தின காகிதத்துக்குப் பயப்படுவார். பென்ஷன், குடியுரிமை, பிறந்த சான்று என்று அவர் வாழ்க்கை மொத்தமும் காகிதத்தில்தான் இருந்தது.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றித் தர என் வீட்டுக்காரர் ராஜாங்கத்தைக் கூப்பிட்டார். இவர் மில்லில் ஃபிட்டர். மில்லைப் பூட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தினமும் காலையில் ஏழு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு பூட்டின கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதனால் கார் வேலை வந்ததில் அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

அதில் இன்னொன்றும் இருந்தது. ஊரில் அப்போது இதே மாதிரி இடப்பக்க ஸ்டியரிங்கோடு பதினோரு ஜப்பான் கார்கள் சொல்தாக்கள் வீட்டில் இருந்தன. எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: மண்ணாங்கட்டி கார் ஆர்.சி. புக்கில், மாற்றம் என்ற இடத்தில், அரசாங்கம் ஏற்றுக்கொண்டதாக எழுதி வரட்டும், மறுநாளே எங்கள் காரைக் கொண்டு வந்து விடுகிறோம். அந்த ஒரு வரி விழுந்தால் ராஜாங்கத்துக்கு ஐந்தாறு வருஷத்துக்கு வேலை. விழாவிட்டால் திரும்பவும் பூட்டின கேட்.

நான் கமலவேணி. ஆர்.சி. புக் கொடுக்கிற ஆபீசுக்கு எதிரே, பூவரச மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்திருக்கிறேன். ஆபீசைப் பற்றி அதற்கு மேல் சொல்ல மாட்டேன். நாளைக்கும் நான் அங்கேதான் உட்கார வேண்டும். மனு, சான்று, மறு மனு என்று என்ன அடித்தாலும், கடைசியில் இடது மூலையில் சின்னதாக 'க.வே.' என்று போடுவேன். யார் அடித்தது என்று தெரிவதற்காக டைப்பிஸ்டுகள் போடுகிற அடையாளம் அது. இன்றைக்கு வரை அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை.

காரில் எதை மாற்றுவதென்றாலும் முதலில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். சட்டம் அதுதான். அம்பாசடரில் டீசல் இன்ஜினைத் திணித்து ஓட்டுகிற பிரமுகர்களில் எத்தனை பேர் எழுதிக் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள். நாங்கள் கேட்டோம். மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில், உள்ளதை உள்ளபடி, "மனைவி ஒத்துழைக்க மறுத்தது" என்று அடித்தேன். மனு திரும்பி வந்தது. மனைவிக்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வைக்க வேண்டுமாம். "ஆட்சேபணை இருக்கறதாலதான் சார் மாத்தறோம்" என்றேன். "அதையும் எழுதிக் குடுங்க" என்றார் கிளார்க். எழுதிக் கொடுத்தோம். ஐந்து மாதத்தில் அனுமதி வந்தது.

அடுத்தது உதிரி பாகம். நியூ கலிடோனியாவில் இருந்த பங்காளிக்கு மண்ணாங்கட்டி கடிதம் போட்டார். நாலு மாதம் கழித்து ஒரு ஸ்டியரிங் பெட்டி, கஸ்டம்ஸ் முத்திரையெல்லாம் குத்தி வந்தது. பிரித்துப் பார்த்தால் அதுவும் இடப்பக்கத்துப் பெட்டி. அந்த ஊரில் வேறெது கிடைக்கும்? இதை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதினோம் என்பதை வெளியில் சொல்லவில்லை. பிறகு ராஜாங்கம் மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போனார். "கதவு கேளுங்க, கண்ணாடி கேளுங்க, சப்பான் காருக்கு ஸ்டியரிங் பெட்டி மட்டும் கேக்காதீங்க" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு ஹாரன் கிடைத்தது. ஹாரன் ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் மில்லே கைகொடுத்தது. மில்லின் பழைய நூற்பு மெஷின்களைப் பிரித்து ஒரு காயலான் கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார். அந்த உருளைகளின் இரும்பு என்ன இரும்பு என்று ராஜாங்கத்துக்குத் தெரியும். பதினாறு வருஷம் அதற்கு எண்ணெய் போட்டவர். அதிலிருந்து கம்பி, புஷ், கைப்பிடி, தாங்கி எல்லாம் முதலியார்பேட்டை லேத்தில் அவரே கடைந்தார். பழைய பெட்டியை வலப்பக்கம் வைத்து முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது, வலப்பக்கம் திருப்பினால் கார் இடப்பக்கம் போய் மண்ணாங்கட்டி வீட்டு முருங்கை மரத்தில் மோதியது. "ராணுவத்துல இதவிட மோசமான உத்தரவெல்லாம் பாத்திருக்கேன்" என்றார் அவர். ராஜாங்கம் பெட்டியைத் திரும்பவும் கழற்றினார். அதற்குள் இருந்த திருகுப் புரியை எதிர்த்திசையில் புதிதாக வெட்டிப் போட்டார். அதற்குப் பதினெட்டு நாள் ஆனது. இரண்டாம் தடவை கார் சொன்ன பக்கம் போனது. அன்றைக்கு அவர் இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆனால் ஒரு காரியம் செய்துவிட்டார். மில்லில் ஃபிட்டர் எதைச் செய்தாலும் அதன்மேல் தன் டோக்கன் நம்பரைக் குத்திவிட வேண்டும். கெட்டுப்போனால் யாரைத் திட்டுவது என்று மேஸ்திரிக்குத் தெரிய வேண்டுமே. நன்றாக ஓடினால் அந்த நம்பரை யாரும் தேட மாட்டார்கள். இவர் நம்பர் 417. கை தானாகவே குத்திவிட்டது, இருபத்தாறு இடத்தில். ஸ்டியரிங் கம்பி நுழைவதற்காக இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் ஒரு புதுத் துண்டை வெல்டிங் வைத்து, ஒட்டே தெரியாமல் அரத்தால் ராவி, அதிலும் 417. அதற்குப் பக்கத்திலேயேதான் கம்பெனிக்காரன் பொறித்த சேஸிஸ் நம்பர் இருந்தது.

காரை ஆபீசுக்குக் கொண்டுபோனோம். இன்ஸ்பெக்டர் வந்து பானெட்டைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பரைப் படித்தார். ஆர்.சி. புக்கைப் பார்த்தார். திரும்பவும் படித்தார்.

"மூணு நம்பர் அதிகமா இருக்கே" என்றார்.

"அது என் டோக்கன் நம்பருங்க" என்றார் ராஜாங்கம்.

"காருக்கு ஏதுய்யா டோக்கன்?"

ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. நீங்கள் காட்டிய கார் புத்தகத்தில் உள்ள கார் அல்ல. அது எப்படி இந்தியாவுக்குள் வந்தது என்றும், புத்தகத்தில் உள்ள கார் எங்கே என்றும் பதினைந்து நாளுக்குள் சொல்லவும். மண்ணாங்கட்டி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டார். அவரிடம் இருந்தது ஒரு கார். அரசாங்கம் இரண்டைக் கேட்டது. நான் மறு மனு அடித்தேன். டோக்கன் என்றால் என்ன, ஃபிட்டர் என்றால் யார், மில் என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம். கிளார்க் அதைப் படிக்காமலே, "அந்த நம்பரையெல்லாம் ராவி எடுத்துட்டுக் கொண்டாந்து காட்டச் சொல்லும்மா, முடிஞ்சிது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

ராஜாங்கம் அரத்தை எடுத்துக்கொண்டு காருக்கடியில் படுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கெங்கே குத்தியிருந்தாரோ அந்தப் பட்டியலைப் படித்தேன். ஒவ்வொன்றாக ராவினார். குத்தும்போது எப்படிக் கவனமாகக் குத்தினாரோ அப்படித்தான் ராவவும் செய்தார். கையால் தடவினால்கூடத் தெரியாது. "ஒன்னாவது உட்டு வைங்களேன், உள்பக்கமா" என்றேன்.

"வாணாம் கமலா. அந்த ஒரு வரி விழட்டும், போதும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். நம்பர் சரியாக இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார், கீழே குனிந்து கம்பியைத் தட்டிப் பார்த்தார். "சப்பான்காரன் வேலன்னா வேலதான்யா" என்றார். ராஜாங்கத்தின் முகத்தில் அப்போது கொஞ்சம் பெருமை வந்ததை நான் பார்த்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மறுநாள் காலை கிளார்க் ஒரு கைப்பிரதியோடு மரத்தடிக்கு வந்தார். ஆபீஸ் டைப்பிஸ்ட் லீவு, ரிப்பனும் வரவில்லை, நாலு காப்பி அடித்துக் கொடு என்றார். ஆர்.சி. புக்கில் அப்படியே ஏறப்போகிற, மண்ணாங்கட்டி காரின் சான்றுதான். வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், நிறம். அதற்குக் கீழே: மாற்றங்கள் — இல்லை.

நான் எழுந்து நேராக இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனேன்.

"சார், அனுமதி வாங்கித்தான மாத்தினோம். ஃபைல்ல இருக்குமே."

"அது மூணு நம்பர் அதிகமா இருந்த காரோட ஃபைல்ல சேந்துடுச்சும்மா. அப்படி ஒரு காரே இல்லன்னு ஃபைல முடிச்சாச்சு."

"ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்துது சார்."

அவர் ஆர்.சி. புக்கைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். 1971-இல் எழுதியவர் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

"சப்பான்ல ஸ்டியரிங் எந்தப் பக்கம்?" என்றார்.

"வலப்பக்கம்னு சொல்றாங்க."

"இது எந்த ஊரு காரு?"

"சப்பான் காரு."

"இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"

"வலப்பக்கம்."

"அப்ப மாத்தம் எங்கம்மா இருக்குது?"

ஆர்.சி. புக்கை அவர் பக்கமே திருப்பி வைத்தேன். வெளியே வந்தேன். சான்று வாங்க மண்ணாங்கட்டியோடு காரில் வந்திருந்த ராஜாங்கம், மரத்தடியில் கைப்பிரதியைப் படித்து முடித்துவிட்டு நின்றார். மண்ணாங்கட்டிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "மெர்சி, மெர்சி" என்று எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "மாத்தம் இல்லன்னு எழுதிட்டா இனிமே எவன் வந்து என்னா கேக்கப் போறான்? மத்தவங்ககிட்டயும் சொல்லணும்" என்றார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பதினோரு பேரும், தாங்கள் கேட்ட வரி அதில் இல்லை என்று அவரவர் காரைத் துடைத்து மூடி வைப்பார்கள்.

"அடிச்சுக் குடு கமலா, பாவம், காத்துக்கிட்டிருக்காரு" என்றார் ராஜாங்கம்.

நாலு தாளும் மூன்று கார்பனும் சொருகினேன். வண்டி நம்பர் அடித்தேன். சேஸிஸ் நம்பர் அடித்தேன். மாற்றங்கள் என்று அடித்து, என் புருஷன் பதினெட்டு நாள் வெட்டின புரியையும் இருபத்தாறு சாமானையும் என் விரலாலேயே 'இல்லை' என்று அடித்தேன். கடைசியில் இடது மூலைக்கு வந்ததும், 'க.வே.' போடுகிற இடத்தில் கை நின்றது. அங்கே 417 என்று அடித்தேன். நாலாவது காப்பியிலும் பதிய வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அடித்தேன்.

கிளார்க் வாங்கிப் போனார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார், மேலதிகாரி கையெழுத்துப் போட்டார், வட்ட முத்திரை பாதி அந்த நம்பர்மேலேயே விழுந்தது. ஒருவரும் படிக்கவில்லை. மண்ணாங்கட்டி இரண்டு காப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். இடப்பக்கம் அஞ்சலாட்சி அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் கார் கொஞ்ச தூரம் போனது, பிறகு தானாகவே முந்திக்கொண்டு போனது. அந்த அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டவில்லை. இங்கே வரும்போதே தூங்கிவிட்டார் என்று ராஜாங்கம் சொன்னார்.

ஆபீஸ் காப்பி ஒன்று போக, மனுதாரருக்காக எழுதியவர் என்று ஒன்று என்னிடம் வந்தது. அதை ராஜாங்கத்திடம் நீட்டி மூலையைக் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவினார்.

"நாலு காப்பிலயும் விழுந்திருக்கா?" என்றார்.

"விழுந்திருக்கு" என்றேன்.